படி

இரண்டாம் சனிக்கிழமை. ஏழாம் வகுப்பு. பத்தொன்பது பேர்.
ஒரு வாளி, தேங்காய் நார் பிரஷ், சுருட்டிய தாள்,
பழைய வேட்டியில் நான் கட்டிய மைப்பந்து.
பாலாற்றை நடந்தே கடந்தோம்.
நட்டாற்று மணலில் நின்று முபீனா கேட்டாள்:
"வரலாறுன்னா வர்ற ஆறா மிஸ்?
இது வராத ஆறாச்சே."
நான் எழுதி வைத்திருந்த நான்கு கேள்விகளில்
இது இல்லை.
"நட, வெயில் ஏறுது."

காட்ட நினைத்தது ஊர் எல்லையிலிருந்த நடுகல்.
போன வாரம் திறந்து கிடந்தது.
இன்று சுற்றிலும் புதுக் கம்பிவலை, பூட்டு.
சாவி பஞ்சாயத்து ஆபீஸில்.
ஆபீஸ் லீவு.

"எங்க வூட்டாண்ட ஒரு கல்லு கீது மிஸ்.
எழுத்து மாரி இன்னாவோ இருக்கும்."
சொன்னது தணிகைமலை.
வருகைப் பதிவேட்டில் பாதி நாள் இல்லாதவன்.

சமையலறைப் பின்வாசலுக்கும் சாக்கடைக்கும் நடுவில்
படியாய்க் கிடந்தது.
மேலே சோப்பு நுரை, ஓர் ஒற்றைச் செருப்பு.
செருப்பை நகர்த்தினால்
ஒரு வில்.
வில்லைப் பிடித்த முழங்கை.

கழுவினோம். ஈரத் தாளை விரித்தோம்.
பிரஷ்ஷால் அடித்துக் காட்டினேன், கிழிந்தது.
இன்னொரு தாள். அதுவும்.
அரை ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள்
தணிகைமலையின் அம்மா நதியா,
ஷூ கம்பெனி அடையாள அட்டை கழுத்திலேயே தொங்க.
"அப்டி அடிச்சா கிழியாம இன்னா பண்ணும்?"
பிரஷ்ஷை வாங்கிக்கொண்டாள்.
தோல் விளிம்பை மடித்து மடித்துச் சுத்தியலால்
நாளுக்கு முந்நூறு ஜோடி தட்டுகிற கை.
தாள் கல்லுக்குள் இறங்கிப் படுத்தது.

பிள்ளைகள் மைப்பந்தை ஒற்ற ஒற்ற
எல்லாம் கறுத்தது.
மை எட்டாத பள்ளங்களில் மட்டும்
வெள்ளையாய் எழும்பி வந்தன எழுத்துகள்.

தட்டுத் தடுமாறிப் படித்தேன்.
தொறு மீட்டுப் பட்டான்…
"தொறுன்னா?"
மாட்டு மந்தை.
"பட்டான்னா?"
செத்துட்டான்.
"மாடுங்க?"
மீட்டுட்டானே, திரும்பியிருக்கும்.
"அப்போ
மாடுங்க மட்டும் நடந்து வந்துச்சா வூட்டுக்கு?"

யாரும் பேசவில்லை.
ஒருத்தி வாளித் தண்ணீரில் கையை வைத்து
எடுக்காமலே இருந்தாள்.

பேர் இருக்க வேண்டிய இடம் மழமழவென்றிருந்தது.
மிதித்து மிதித்துத் தேய்ந்த வழவழப்பு.
நதியா தன் பாதத்தைப் பார்த்தாள்.
"நான் கட்டிக்கினு வந்தே பதிமூணு வருஷம்தான்" என்றாள்,
யாரோ அவள்மேல் பழி போட்டதுபோல.

பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு:
"கவர்மெண்ட்ல வந்து தூக்கிக்கினு போவாங்களா?"
தெரியலங்க.
"போனா, வேற கல்லு ஒண்ணு போட்டுட்டுத் தூக்கச் சொல்லு.
மழை பேஞ்சா இங்க முழங்கால் தண்ணி."
உயரம், அகலம், திசை, எழுத்து என்று கட்டம் போட்ட நோட்டில்
அதற்கொரு கட்டமில்லை.
ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

மைப்படியைப் பள்ளிக்கூடம்வரை நான்தான் தூக்குவேன் என்றான்
தணிகைமலை.
முழுக்கக் காயாத தாள். ஆற்றில் காற்று.
தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நடந்தவனின் முதுகில்
சடாரென்று வந்து ஒட்டிக்கொண்டது.
பிரித்தோம். தாளுக்கு ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை பிரேயரில்
துவைத்த சட்டையோடு நின்றான்.
போகவில்லை.
முதுகில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம்,
அதற்குள் வெள்ளையாய், திரும்பிப் போட்டபடி,
தொறு மீட்டவன்.
பக்கத்து வரிசையிலிருந்து நழுவி வந்த முபீனா
உருதுப் பாடம் படிக்கிற பழக்கத்தில்
வலமிருந்து இடமாக
ஒவ்வோர் எழுத்தின்மேலும் விரலை ஓட்டினாள்.

"கூசுது, வுடு" என்று நெளிந்தான் அவன்.
கொடி இன்னும் ஏறவில்லை.